கிரவீன் வீட்டில் வசிக்காதவன்

அத்தான் அரியரத்தினம் சிட்னிக்கு மேற்கே கிரவீனில் வீடு வாங்கியபோது அந்தப் பக்கத்தில் வீடுகளைவிடக் கோழிக்கூடுகள் அதிகம். வேலிக்கு அப்பால் மோல்ட்டாத் தீவிலிருந்து வந்த ஒருவர் முட்டைக்குக் கோழி வளர்த்தார். காற்று அங்கிருந்து அடித்தால் சிவனேஸ்வரி அக்கா குசினி ஜன்னலைச் சாத்திவிடுவாள். வீட்டில் இரண்டு படுக்கையறைகள், ஒரு குளியலறை, பின்னால் கண்ணாடி அடைத்த ஒரு விறாந்தை. அந்த விறாந்தையில்தான் நான் படுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் எனக்கு வேறு இருப்பிடம் இருந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்களுக்கு இதில் சந்தேகம் வருகிறது. ஒரு வியாழக்கிழமை எனக்கே வந்தது.

அந்த வீட்டின் விலாசம் எங்கள் மூவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. சிட்னியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெடியன்கள் வாடகை கூடினால் அறை மாறுவார்கள், குளிர் கூடினாலும் மாறுவார்கள். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் பழைய அறைகளுக்குப் போய்க் கிடக்கும். ஜெயரட்ணத்தின் தமக்கைக்குக் கலியாணம் முடிந்த கடிதத்தை அவனுடைய பழைய வீட்டுக்காரி பாண் பெட்டிக்குமேல் வைத்துவிட்டு மறந்துபோனாள். தமக்கை மசக்கையில் சத்தி எடுக்கிறாள் என்று தாய் எழுதிய அடுத்த கடிதம்தான் அவனுக்கு முதலில் கிடைத்தது. அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகுதான் கலியாணக் கடிதம் கிடைத்தது.

அதைக் கேள்விப்பட்ட அத்தான், "இனிமேல் எல்லாரும் என்ர விலாசத்தைக் குடுங்கோ. நான் எங்கையும் ஓடமாட்டன். வங்கி விடாது," என்றார்.

அன்று தொடங்கியது. முதலில் கடிதங்கள் வந்தன. பிறகு வங்கி, சாரதி அனுமதிப்பத்திரம், நூல்நிலையம், கடைசியில் குடிவரவு அலுவலகம் எல்லாவற்றுக்கும் அந்த விலாசமே போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ரயிலில் வந்து இறங்குவார்கள். அத்தான் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார், அக்கா சோறு கொடுப்பாள். சென்னையிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சேஷாத்ரி ஒருமுறை சாம்பார் என்று கேள்விப்பட்டு வந்தவர். போகும்போது விலாசத்தை எழுதிக்கொண்டு போனார். இப்படியே அரசாங்கத்தின் கணக்கில் அந்த வீட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குடியிருந்தார்கள். ஒரு கக்கூசுடன்.

அதில் எவருக்கும் ஒரு குறையும் வரவில்லை, எழுபத்தொன்பதாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம்வரை.

அப்போது நான் பள்ளிக் கடைசி ஆண்டில் ஹெச்.எஸ்.சி. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மார்ச்சில் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகம் போவதாக எண்ணம். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு யாரும் காசு கட்டுவதில்லை. கோழிக்காரரின் மகனும் கட்டவில்லை, கப்பலில் வந்த சீமான் வீட்டுப் பிள்ளையும் கட்டவில்லை. திடீரென்று வானொலியில் சொன்னார்கள்: அடுத்த ஆண்டிலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்பா சாவகச்சேரிப் பக்கத்தில் உபதபாலதிபர். அவருடைய ஆண்டுச் சம்பளத்தை டொலராக மாற்றினால் அந்தக் கட்டணத்தின் ஓரத்தைத்தான் தொடும். வதிவிடம் கிடைத்தால் பல்கலைக்கழகம், கிடைக்காவிட்டால் கட்டுநாயக்கா விமானநிலையம். இடையில் எனக்கு வேறொன்றும் இல்லை.

அத்தான் எனக்காக ஏற்கனவே மனுப் போட்டிருந்தார், மனைவியின் தம்பி, எங்கள் குடும்பத்தில் ஒருவனாக எங்களுடனேயே வசிக்கிறான் என்று. செப்டெம்பர் முடிவில் பதில் வந்தது. உண்மையில் அப்படித்தானா என்று பார்க்க ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவார்.

நான் பயந்த சுபாவம். டிக்கெட் சட்டைப்பையில் இருக்கும்போதே ரயில் பரிசோதகரைக் கண்டால் எனக்கு வேர்க்கும். ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. வசிக்கிறேனா என்று பார்க்க வருகிறார்கள், வசிக்கிறேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பயந்தவர் மகாதேவன் அண்ணை. கணக்காளர் படிப்பைப் பல ஆண்டுகளாக முடித்துக்கொண்டிருந்தவர். எதற்கும் கூட்டம் கூட்டித் தலைமை தாங்குவார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் இருக்கச் சொல்லி, என்னைக் காட்டினார்.

"பிரச்சினை குமாரின்ர இல்லை. குமார் இஞ்சதான் இருக்கிறான். பிரச்சினை எங்கட," என்றார்.

"எங்களுக்கு என்ன?" என்று கேட்டான் ஜெயரட்ணம்.

"நீ இமிகிரேசனுக்கு எந்த விலாசம் குடுத்தனி?"

"இதுதான்."

"இருக்கிறது?"

"நியூட்டவுனில."

"இடம் மாறினால் அறிவிக்கவேணும் எண்டு விசாவில போட்டிருக்கு. வாற மனிசன் சும்மா வருவானே? ஒபிசில விலாசத்தைத் தேடிப் பார்த்துப்போட்டு வருவான். இருபது சொச்சம் பேரின்ர பேர் கிடக்கும். இஞ்ச வந்து பார்த்தால் மூண்டு பேர். மற்றவை எங்க எண்டு கேட்பானோ, மாட்டானோ?"

கதிரைகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நிலத்தில் இருந்தவர்கள் கால்களை மடக்கினார்கள்.

சேஷாத்ரி மெதுவாகச் சொன்னார்: "அப்ப எல்லாரும் அன்னிக்கு ஒரு நாள் இங்க வந்து இருந்துட்டாப் போச்சு."

"இருந்தால் காணாது ஐசே. வசிக்கவேணும். பார்த்தவுடன தெரியவேணும், இவன் இஞ்ச எழும்பி, இஞ்ச குளிச்சு, இஞ்ச படுக்கிறவன் எண்டு."

"எத்தினை பேருக்குச் சமைக்கிறது?" என்று குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மகாதேவன் அண்ணை எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தார். எல்லோரும் பின்னால் நடந்தோம். இந்த மூலை சிறிதரனுக்கு, அந்த மூலை சிவபாலனுக்கு, கொரிடோரில் தலைமாடு கால்மாடாக நாலு பேர். பின் விறாந்தைக்கு வந்து என் கட்டிலைக் காட்டி, "இது ஜெயரட்ணத்துக்கு," என்றார். என் அலுமாரித் தட்டு சேஷாத்ரிக்கு. என் மேசை வரதராஜாவுக்கு.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கென்னடா? நீ உண்மையா இருக்கிறனி. உண்மைக்கு ஒத்திகை தேவையில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். அது நல்ல பேச்சாகத்தான் எனக்கும் பட்டது.

அடுத்த ஞாயிறு ஒத்திகை நடந்தது. மகாதேவன் அண்ணை அதிகாரியாக வந்தார். அத்தானின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் கேட்டார்: எங்கே படுக்கிறாய், போர்வை என்ன நிறம், இரவில் விளக்கை அணைப்பது யார். ஜெயரட்ணம் சொன்ன பதில்களைக் கேட்டால் அவன் பிறந்ததே அந்தக் கட்டிலில்தான் என்று தோன்றும். ஜன்னல் வழியாகக் காலையில் சேவல் சத்தம் கேட்கும், அது தனக்குத் தொந்தரவு என்றும் சொன்னான். அந்தச் சேவலை நான் இரண்டு ஆண்டுகளாகக் கேட்கிறேன். அப்படி ஒரு வசனம் எனக்கு வந்திருக்காது.

ஒக்டோபரில் அந்த வியாழக்கிழமை வந்தது. முதல் ரயிலிலேயே எல்லோரும் வந்தார்கள். பாய், தலையணை, சாரம், தாய் தகப்பன் படம், சாமிப்படம் என்று பெண்டில் ஹில் ஸ்டேசனிலிருந்து ஊர்வலமாக நடந்து வந்தார்கள். கோழிக்கார மோல்ட்டாக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யார் செத்தது?" என்று அத்தானிடம் கேட்டார். ஒருவரும் சாகவில்லை என்று அத்தான் சொன்னார். அவர் நம்பவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தட்டு முட்டை கொண்டுவந்து தந்தார்.

அரைமணி நேரத்தில் வீடு வசிக்கப்பட்ட வீடாகிவிட்டது. கொடியில் சாரங்கள் தொங்கின. என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் போய், மேசையில் வரதராஜாவின் புத்தகங்கள் வந்தன. பல்லுத் தீட்டும் பிரஷ்கள் ஹோர்லிக்ஸ் போத்தலில் கொள்ளாமல் ஒரு வாளியில் நின்றன. குளியலறைக்கு முன்னால் துவாயுடன் ஒரு வரிசை நிற்க வேண்டும் என்பது மகாதேவன் அண்ணையின் ஏற்பாடு. உள்ளே உண்மையில் ஒருவர் குளித்தால்தான் சத்தம் கேட்கும் என்பதால் சிவபாலனை உள்ளே விட்டிருந்தார். சுடுதண்ணீர் முடிந்து நெடுநேரமாகியும் அவன் கடமை தவறவில்லை. வெளியே வந்தபோது உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

அதிகாரியின் பெயர் பார்லோ. ஒல்லியான மனிதர், ஓய்வுபெறும் வயது. வாசலில் குவிந்திருந்த சப்பாத்துகளைத் தாண்ட முடியாமல் சிறிது நின்று, பிறகு தன்னுடையதையும் கழற்றி அதற்குமேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், மிஸ்டர் அரியரத்தினம்?"

அத்தான் ஆங்கிலத்தில், "எங்கள் ஆட்களுக்குத் தனியே இருந்து பழக்கமில்லை," என்றார். அது பொய் இல்லை.

பார்லோ வீட்டைச் சுற்றினார். கொரிடோரில் நாலு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வரும் சத்தம் கேட்டபோதெல்லாம் விரித்து விரித்துச் சுருட்டினார்கள். முன்னறையில் சிறிதரன் கண்ணாடி பார்த்துத் தாடி வழித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தாடி முளைக்கத் தொடங்கியிருக்கவில்லை. பார்லோ ஒவ்வொருவரிடமும் இரண்டொரு வார்த்தை கேட்டார். ஒருவரும் பிசகவில்லை. வாளியிலிருந்து தங்கள் தங்கள் பிரஷை எடுத்துக் காட்டினார்கள். சேஷாத்ரி எடுத்துக் காட்டியது என்னுடையது.

கடைசியாக விறாந்தைக்கு வந்தார். கட்டிலில் ஜெயரட்ணம் இருந்தான். பக்கத்தில் அவனுடைய தாய் தகப்பன் படம், அதற்குமுன் ஒரு சின்னப் பேணியில் பூ.

"மிஸ்டர் இந்திரகுமார் யார்?"

"நான்," என்றேன்.

"நீங்கள் எங்கே படுக்கிறீர்கள்?"

"இங்கே."

"இங்கே மிஸ்டர் ஜெயரட்ணம் படுப்பதாகச் சொன்னார். சேவல் சத்தத்தைப் பற்றிக்கூடச் சொன்னார்."

"ஓம். நானும்."

"ஒரே கட்டிலிலா?"

ஜெயரட்ணம் என்னைப் பார்த்தான். இது ஒத்திகையில் வரவில்லை. கட்டிலுக்கடியில் என்று சொல்லலாமா என்று குனிந்து பார்த்தேன். அங்கே நாலு பேரின் சூட்கேசும் என் புத்தகங்களும் இருந்தன.

"உங்கள் போர்வை என்ன நிறம்?"

நானே சீமெந்துத் தொட்டியில் துவைத்துக் காயப்போடும் போர்வை. ஆனால் அந்த நேரத்தில் உலகத்தில் இருந்த நிறங்கள் எல்லாம் என்னை விட்டுப் போய்விட்டன.

"இருட்டில்தான் படுப்பேன்," என்றேன்.

"உங்கள் உடுப்புகள்?"

அலுமாரியைத் திறந்தேன். சேஷாத்ரியின் வேட்டிகள் மடித்து இருந்தன. சாத்தினேன்.

பார்லோ தன் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தது கோபத்தோடு அல்ல, கவலையோடு. "தம்பி, நான் இந்த வேலையில் பல வீடு பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. உங்களைப் பற்றித்தான் சந்தேகமாக இருக்கிறது."

கொரிடோர் முழுவதும் முகங்கள். மகாதேவன் அண்ணையின் முகத்தில் இரத்தம் இல்லை.

"ஒரு கேள்வி மட்டும்," என்றார் பார்லோ. "உண்மையைச் சொல்லுங்கள். இவர்கள் எல்லோரும் இங்கேதான் வசிக்கிறார்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கட்டில் என்னுடையதாகும், மேசை என்னுடையதாகும், பல்கலைக்கழகமும். ஜெயரட்ணம் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கடைசி ஆண்டு. சேஷாத்ரி என் பிரஷை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"ஓம்," என்றேன்.

அத்தான் கண்ணை மூடினார். பார்லோ ஏதோ எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போது அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள். விடியமுன் எழும்பியவள். முகம் முழுக்க வேர்வை. கையில் அகப்பை.

"எழுதுறது பிறகு எழுதலாம். சோறு ஆறுது. அந்த மனிசனைக் கதிரையில இருத்துங்கோ. மற்றப் பிள்ளையள் பாயில இருக்கட்டும். டேய் குமார், அங்க ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? தண்ணி வையடா."

பார்லோ மறுத்தார். மறுப்பு அந்த வீட்டில் செல்லாது. அவருக்கு முன்னால் தட்டு வந்துவிட்டது. சோறு, பருப்பு, கத்தரிக்காய், மீன் குழம்பு, பொரித்த முட்டை. சேஷாத்ரிக்கு மீன் படாமல் தனிச் சட்டியில் சமைத்து வைத்திருந்தாள். "உங்களுக்கு வேற கரண்டி வைச்சனான், பயப்பிடாமச் சாப்பிடுங்கோ."

"எதுக்குக்கா இவ்வளவு சிரமம்," என்றார் சேஷாத்ரி.

"என்ன சிரமம்? வந்த பிள்ளையள் வடிவாச் சாப்பிடவேணும்."

நான் தண்ணீர் வைத்தேன். அப்பளம் கொண்டுபோனேன். முதல் பந்தியின் தட்டுகளைக் கழுவி இரண்டாம் பந்திக்குத் துடைத்து வைத்தேன்.

"தேசிக்காய் வெட்டச் சொன்னனான் எத்தினை தரம்? காது எங்க கிடக்கு?"

"வெட்டுறன் அக்கா."

"உதென்ன வெட்டு? கொட்டையை எடடா."

சிவபாலன் குளிரில் நடுங்கிக்கொண்டே தன் தட்டைக் கழுவ எழுந்தான். அக்கா அதைப் பறித்தாள். "விடும் தம்பி, நீர் இரும். குமார், இந்தா." தட்டு என் கைக்கு வந்தது.

பார்லோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சேஷாத்ரியிடம், "அந்தப் பெண் அவரிடம் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"எலுமிச்சம்பழம் பற்றி ஒரு வேண்டுகோள்," என்றார் சேஷாத்ரி ஆங்கிலத்தில்.

"வேண்டுகோள் மாதிரிக் கேட்கவில்லையே."

பிறகு பார்லோ ஒரு காரியம் செய்தார். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தார். அக்கா திரும்பிப் பார்த்துப் பதறி, தட்டைப் பிடுங்கி, "நோ, நோ, யூ சிட்," என்று கதிரைவரைக்கும் கொண்டுவந்து இருத்தினாள். மூன்றாம் பந்தியும் முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள், அத்தானைத் தவிர, அக்காவைத் தவிர, என்னைத் தவிர.

"இவர் எப்போது சாப்பிடுவார்?" என்று என்னைக் காட்டி அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஹி?" என்றாள். "ஆஃப்டர். ஹி இஸ் ஹியர், நோ?"

பார்லோ மேசை விரிப்பை நீவிவிட்டார்.

"என் அம்மா ஒரேஞ்ச் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் இருந்தார்," என்றார். "செம்மறிக்கு மயிர் கத்தரிக்க ஆட்கள் வருவார்கள். பருவம் முழுக்க அவர்களுக்குச் சமைப்பார். அவர்கள் முன்னால் நல்ல பீங்கான். நான் தண்ணீர் தூக்குவேன், தட்டுக் கழுவுவேன், திட்டு வாங்குவேன். பதினாலு வயதாகும்வரை நான் சூடான உருளைக்கிழங்கு சாப்பிட்டதில்லை."

பேனாவைத் திறந்து இரண்டு வரி எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வீட்டில் விருந்தாளி இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான்."

மகாதேவன் அண்ணை தொண்டையைச் செருமினார். "அப்படியானால், சேர், மற்றவர்கள்..."

"என் கோப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. மாணவர் விசா வேறு மாடி. அந்த மாடிக்கு நான் போவதில்லை. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தையும் இல்லை." எழுந்து, சப்பாத்துக் குவியலில் தன்னுடையதைத் தேடினார். அது கிடைக்க நேரமெடுத்தது. குனிந்தபடியே சொன்னார்: "தீர்மானம் எடுப்பது நான் அல்ல. நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். அதுவரைக்கும் இப்படியே இருங்கள்."

இப்படியே இருங்கள் என்ற அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று பின்னேரம் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபின் அக்கா எனக்குச் சோறு போட்டாள். அத்தான் கைகழுவப் போயிருந்தார்.

"அத்தான் முதல் சாப்பிடட்டும்," என்றேன்.

"சாப்பிடு. காலைமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை."

"வேண்டாம் அக்கா. நீங்களும் சாப்பிடுங்கோ. அதுக்குப் பிறகு."

"ஏன்டா, அந்த மனிசன் என்ன, கோழிக்கூட்டுக்குப் பின்னால நிண்டு பாக்கிறானே?"

அதை யார் கண்டது? பார்லோ மறுபடி வரமாட்டார் என்று ஒருவரும் எழுதித் தரவில்லை. அன்று முதல் நான் அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டேன். யாராவது எனக்குக் கதிரை இழுத்துப் போட்டால் எழுந்து நின்றேன். தேத்தண்ணி வேண்டுமா என்று அத்தான் ஒருநாள் கேட்டதற்கு அவருடன் சண்டை பிடித்தேன். "என்னைக் கேட்காதேங்கோ அத்தான், போடு எண்டு சொல்லுங்கோ," என்றேன். அக்கா இரண்டு நாள் என்னைத் திட்டாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வேண்டுமென்றே துவாயை நனைந்தபடி கட்டிலில் போட்டு வாங்கிக்கட்டிக்கொண்டுதான் சோதனைக்குப் படித்தேன். சோதனையும் எழுதினேன். குடிவரவிலிருந்து பதில் வரவில்லை.

டிசெம்பரில், நத்தாருக்குக் கிட்ட, ஊரிலிருந்து ஒரு கசெட் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவதில்லை. அப்பாவுக்கு ஒரு நேசனல் ரேப் ரெக்கோடர் இருந்தது, கசெட்டில் பேசி அனுப்புவார்கள். வழக்கமாக அப்பாதான் முதலில் பேசுவார். இந்த முறை அம்மா.

"சிவனேஸ், நீ என்ன பிள்ளை செய்யிறாய்? ஜெயரட்ணத்தின்ர தாய் என்னைச் சந்தையில வைச்சுக் கேட்டவ. அவன் எழுதியிருக்கிறானாம், உன்ர தம்பி எல்லாரும் திண்ட பிறகு சட்டி வழிச்சுத் தின்னுறானாம், நீ அவனைக் கோப்பை கழுவ விட்டிருக்கிறியாம். எனக்குத் தலை நிமிர்த்தி நடக்கேலாமக் கிடக்கு. ஒரு தம்பிக்குச் சோறு போட உன்னட்ட இல்லையே?" பின்னால் அப்பா, "மெதுவாக் கதையப்பா, மிசின் பிஞ்சுபோம்," என்றது கேட்டது.

அக்கா ரெக்கோடரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயே பதில் சொல்லு. இப்பவே சொல்லு."

சிவப்புப் பொத்தானை அமத்தினேன்.

"அம்மா, அப்பா, நான் குமார் கதைக்கிறன். நான் சுகம். அக்கா எனக்குச் சாப்பாடு தாறா. நல்லாத் தாறா. நான்தான் வேண்டாம் எண்டுறனான். வருத்தம் ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. இது அரசாங்க விசயம். நான் முதல்ல சாப்பிட்டால் யூனிவர்சிற்றிக்குக் காசு கட்டவேண்டி வரும். கடைசியாச் சாப்பிட்டால் சும்மா படிக்கலாம். ஏனெண்டு கேட்காதேங்கோ, அதைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் காணாது. அக்கா ஏசுறதும் நல்லதுக்குத்தான். இன்னும் கொஞ்சம் ஏசினால் எனக்கு உதவி. வேற என்ன. ஜெயரட்ணத்தின்ர தாயிட்டச் சொல்லுங்கோ, அவன் நல்லாச் சாப்பிடுறான். கறி கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறான்."

நிறுத்தி, திரும்பப் போட்டுக் கேட்டேன். எல்லாம் உண்மை. ஆனால் விசர் பிடித்தவன் பேசியது போலத்தான் இருந்தது.

"இதைக் கேட்டால் அம்மா முதல் பிளேனில வந்து நிப்பா," என்றாள் அக்கா. இருந்தாலும் அனுப்பினோம். வேறு எப்படிச் சொல்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஹெச்.எஸ்.சி. முடிவு ஜனவரியில் வந்தது. பொறியியலுக்கு இடமும் வந்தது. கூடவே, வதிவிட நிலையைத் தெரிவிக்காவிட்டால் வெளிநாட்டு மாணவனாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி. குடிவரவிலிருந்து ஒன்றும் இல்லை. நான் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கத் தொடங்கினேன். அவர் ஒரு கட்டுக் கடிதத்தைத் தந்துவிட்டு, "நல்ல பெரிய குடும்பம்," என்பார். அதில் என் பெயர் இருக்காது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தான் அந்தக் கிழமைக் கடிதங்களைப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். சிவபாலனுக்கு ஒன்று, மகாதேவன் அண்ணைக்கு வங்கியிலிருந்து ஒன்று. "இந்திரகுமார்," என்றார்.

"எனக்கா?" என்றேன். "எப்ப வந்தது?"

"வெள்ளிக்கிழமை."

"ஏன் அண்டைக்கே தரேல்லை?"

"எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே குடுக்கிறது. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

நான் உறையை அப்படியே நீட்டினேன். சேஷாத்ரி வாங்கிக் கிழித்து வாசித்தார். வதிவிடம் வழங்கப்பட்டுவிட்டது. ஒரு முறை சத்தமாக வாசித்தார். மகாதேவன் அண்ணை வாங்கி இன்னொரு முறை வாசித்தார். அவர் வாசித்தால்தான் எங்களுக்குள் அது செல்லுபடியாகும். ஜெயரட்ணம் என் முதுகில் அடித்தான். நோவு இரண்டு நாள் இருந்தது.

"அப்ப குமார் இனி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை," என்றார் அத்தான்.

"தேவையில்லை," என்றார் மகாதேவன் அண்ணை. கடிதத்தை மடித்தார். அவர் குரல் மாறியது. "ஆனால் ஒரு விசயம் யோசிக்கவேணும். அந்த மனிசன் சொன்னதை நினைச்சுப் பாருங்கோ. முதல்ல சாப்பிட்டவன் விருந்தாளி. விருந்தாளி எண்டால் வசிக்காதவன். அண்டைக்கு நாங்கள் எல்லாரும் முதல்ல சாப்பிட்டனாங்கள். அந்த மற்ற மாடிக்காரன் வந்தால்?"

வேலிக்கு அப்பால் கோழிகளின் சத்தம் கேட்டது.

அக்கா குசினியிலிருந்து, "வாங்கோ, கோப்பை போட்டாச்சு. முதல் ஆர் இருக்கிறியள்?" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை.

"தம்பி ஜெயரட்ணம், வாரும்."

"எனக்குப் பசியில்லை அக்கா. நான் தேசிக்காய் வெட்டுறன்." அவன் எழுந்து குசினிக்குப் போனான். அவனுக்குப் பின்னால் சிவபாலன், "கோப்பை கழுவ நான்," என்று ஓடினான். "இன்னும் ஒருத்தரும் சாப்பிடேல்லை, எதைக் கழுவப் போறீர்?" என்று கேட்டாள் அக்கா. சிறிதரன் தண்ணீர்க் குவளையைத் தூக்க, வரதராஜா அதை மறுபக்கம் பிடித்தான். சேஷாத்ரி அக்கா முன்னால் போய் நின்று, "அக்கா, என்னையும் நாலு வார்த்தை திட்டுங்க. பரவாயில்ல, பலமாவே திட்டுங்க," என்றார். மகாதேவன் அண்ணை விளக்குமாற்றைத் தேடினார்.

அக்கா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி வெறும் கதிரைகள். நல்ல பீங்கான். ஆட்டிறைச்சிக் கறி வேறு.

கடிதம் என் கையில் இருந்தது. அதை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"போடுங்கோ அக்கா," என்றேன்.